குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, அதை எப்போது விற்பது?

மடிப்பாக்கத்தில் எங்கள் பிளாட்டின் சமையலறை வாசல் நிலையில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். ஐந்து வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரை எட்டுக் கோடுகள். 2009-ல் வாங்கிய வீடு அது. 2018-ல் வேலை மாறிக் கோவைக்குக் குடிபோனபோது வாடகைக்கு விட்டோம். 2025 ஏப்ரலில் மூன்றாவது குடித்தனக்காரர் காலி செய்த அன்று போய்ப் பார்த்தேன். வீட்டைப் பளிச்சென்று ஒப்படைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நிலைக்கெல்லாம் எனாமல் அடித்து வைத்திருந்தார். கோடுகள் மறைந்துவிட்டன. விற்கலாமா வேண்டாமா என்று ஏழு வருடமாக நானும் மனைவியும் பேசியதில் பாதி அந்தக் கோடுகளைப் பற்றிய பேச்சுதான் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

குடியிருந்த வீடு என்றால் கணக்கும் பாசமும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும். பாசத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கை மட்டும் தனியாக எடுத்து ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். நாங்கள் போட்ட வரிசையிலேயே கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: மண் எவ்வளவு என்று பாருங்கள்

வாடகை வருவது கட்டடத்துக்கு, விலை ஏறுவது மண்ணுக்கு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தனி வீட்டுக்காரருக்கு மண் முழுதும் சொந்தம். பிளாட்காரருக்கு யுடிஎஸ் என்று சொல்லும் பிரிக்கப்படாத மனைப்பங்கு மட்டும்தான். தன் பிளாட் 850 சதுர அடி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யுடிஎஸ் எவ்வளவு என்று கேட்டால் பலரும் பத்திரத்தைத் தேடுவார்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

எங்களுடையது 850 சதுர அடி பிளாட், யுடிஎஸ் 430 சதுர அடி. எங்கள் தெருவில் மனை சதுர அடி 9,000 ரூபாய் என்று பேச்சு. அந்தக் கணக்கில் எங்கள் மண் 38.7 லட்சம். பிளாட்டுக்குக் கேட்ட விலை 60 லட்சம். ஆக மீதி 21.3 லட்சம் 16 வயதான கட்டடத்தின் விலை. மண் ஏறலாம், ஏறாமலும் போகலாம். கட்டடத்தின் விலை இறங்கத்தான் செய்யும். என் கருத்தில், மண்ணின் மதிப்பு மொத்த விலையில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் அவசரப்பட வேண்டாம். பாதிக்குப் பக்கத்தில் இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் மறு பாதி தேய்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு, அண்ணா நகர் பக்கம் நாலு வீடு, ஆறு வீடு மட்டும் உள்ள பழைய அடுக்ககங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் யுடிஎஸ் தாராளமாக இருக்கும். அதில் பிளாட் வைத்திருப்பவர், "கட்டடம் பழசாகிவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று நினைத்தால் ஏமாந்துபோவார். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்ட அது வழி செய்கிறது. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயரமில்லாத கட்டடங்களுக்கு எப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்று ஆனது. அதற்கு முன் 1.5 இருந்தது. பழைய கட்டடத்தில் அந்தக் கூடுதல் இடம் பயன்படாமலே கிடக்கும். பில்டர்கள் தேடி வருவது அதற்காகத்தான். உங்கள் அசோசியேஷனில் இந்தப் பேச்சு எழுந்திருந்தால், விற்கும் முன் ஒரு கூட்டத்துக்காவது நேரில் போய் உட்காருங்கள். வாட்ஸ்அப் குழுவில் படித்து முடிவெடுக்காதீர்கள்.

எங்களுடையது ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் உள்ள, வண்டி நிறுத்தும் தரைத்தளம்) மேல் மூன்று மாடி, 12 வீடுகள். இடித்துக் கட்டும் பேச்சு வர இன்னும் இருபது வருடமாவது ஆகும். அந்தக் கதவு எங்களுக்கு இல்லை.

வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு?

"மாதம் 18,000 சும்மா வருகிறதே" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் எழுதிப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு 2,16,000. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குடித்தனம் மாறுகிறது. ஒரு மாதம் காலி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட்டுக்கு 30,000. இவற்றை வருடக் கணக்கில் பிரித்தால் 9,000, 9,000, 15,000. சொத்துவரி 5,000. கீசர், குழாய், கொசுவலை, மோட்டார் என்று சில்லறைச் செலவு 12,000. மொத்தம் 50,000. மீதி 1,66,000. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு: கட்டிய சொத்துவரியைக் கழித்து, மிச்சத்தில் 30% நிலைக்கழிவு போக மீதிக்கு வரி. 20% வரம்பில் இருக்கும் எனக்கு அது ஏறத்தாழ 28,000. கடைசியில் கையில் நின்றது 1,38,000. 60 லட்சத்துக்கு அது 2.3%.

அதே நேரத்தில் கோவை வீட்டுக்கு 8.5% வட்டியில் கடன் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் 2.3% வாங்கி மறு கையில் 8.5% கொடுக்கிறேன் என்பது நோட்டில் எழுதும்வரை என் மண்டையில் ஏறவில்லை. விலை ஏறுகிறதே என்று கேட்கலாம். 28 லட்சத்துக்கு வாங்கியது 16 வருடத்தில் 60 லட்சம் ஆனது, அதாவது ஆண்டுக்கு 5%-க்கும் சற்றுக் குறைவு. வாடகையையும் சேர்த்தால் ஏழு சொச்சம். கடன் வட்டியைக்கூட அது எட்டவில்லை.

என் மனைவி கேட்ட கேள்வி எல்லாவற்றையும் விடத் தெளிவாக இருந்தது. "எதிர் பிளாட் விலைக்கு வருது, வாடகைக்கு விடறதுக்காக வாங்கிப் போடலாமான்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" வேண்டாம் என்றுதான் சொல்வேன். சரி, அப்படியானால் இந்த பிளாட்டை மட்டும் ஏன் வைத்திருக்கிறேன்?

பழைய வீட்டின் மீது இன்னும் கடன் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வரி முறையில், வட்டியைக் கழித்து வரும் நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் வாடகைக்கு எதிராக வட்டியைக் கழிக்க முடியும், ஆனால் நஷ்டத்தைச் சம்பளத்தின் பக்கம் கொண்டுபோக முடியாது. "வரிச்சலுகைக்காக வைத்திருக்கிறேன்" என்று இன்னும் சொல்பவர்கள், தாங்கள் எந்த முறையில் இருக்கிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.

மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்

கட்டடத்தின் உடல்நிலையை மார்ச்சில் போய்ப் பார்த்துப் பயனில்லை. நவம்பர், டிசம்பரில் நல்ல மழை விட்ட மறுநாள் போங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து பாத்ரூம் சீலிங்கையும் பால்கனி அடிப்பக்கத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கான்கிரீட் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தால் பானையைத் தட்டியது போல் கேட்கும். பூச்சின் மேல் பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை தெரிந்தால் அது கம்பி ஓடும் வழி. எங்கள் பாத்ரூமில் அப்படி ஒரு முழ நீளக் கறை இருந்தது. கீழ் வீட்டுக்காரர் இரண்டு வருடமாக ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் இல்லாத ஓனருக்கு இந்தப் பேச்செல்லாம் போனில் சின்னதாகத்தான் கேட்கும்.

அப்புறம் அசோசியேஷன் கணக்கு. மாதப் பராமரிப்பைக் குடித்தனக்காரர் கட்டுவார். வெளிப்பூச்சு, லிப்ட் மாற்றம், மொட்டைமாடி தட்டோடு வேலை எல்லாம் ஓனர் தலையில்தான் விழும். லிப்டுக்கு என்ன வயது, கையிருப்பு எவ்வளவு என்று செயலாளரிடம் கேளுங்கள். அடுத்த ஐந்து வருடத்தில் வரப்போகும் பெரிய செலவுகளைத் தொகையோடு எழுதுங்கள். அந்தத் தொகை இரண்டு வருட நிகர வாடகையைத் தாண்டினால், வேலை தொடங்கும் முன் விற்பதா முடிந்த பிறகு விற்பதா என்பதும் ஒரு கேள்வி. முடிந்த பிறகு விற்பதே மேல் என்பது என் கருத்து. புதுப்பூச்சு அடித்த கட்டடத்தில் வாங்குபவர் பேரம் பேசும் தொனியே வேறு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஸ்டில்ட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. 2019 கோடையில் குடித்தனக்காரர் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தார். வீடு பார்க்க வந்த எல்லோரும் இவை இரண்டையும் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னோம். மறைத்தாலும் பக்கத்துக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

மெட்ரோ வரட்டும் என்று காத்திருக்கலாமா? இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் மடிப்பாக்கம் வழியாகப் போகிறது. வேலை தொடங்கிய நாளிலிருந்தே விற்பவர்கள் எல்லோரும் மெட்ரோவைச் சொல்லித்தான் விலை பேசுகிறார்கள். ஆகவே விலையில் பெரும்பகுதி ஏற்கெனவே ஏறிவிட்டது, ரயில் ஓடிய பிறகு வாடகைதான் கூடும் என்று நான் நினைக்கிறேன். உங்கள் கட்டடம் திடமாக இருந்தால் காத்திருங்கள். சீலிங் தட்டினால் பானைச் சத்தம் கேட்கும் வீட்டுக்கு இது பொருந்தாது.

வரி: முடிவையே மாற்றக்கூடிய இடம்

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. அதனால் எண்களை விட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வாங்கி 24 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் விற்று வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழிகளில் எதில் வரி குறைவோ அதை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஒன்று, பணவீக்கக் குறியீடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் காட்ட அரசு ஆண்டுதோறும் தரும் எண்) இல்லாமல் 12.5%. மற்றொன்று, குறியீட்டோடு 20%. செஸ் என்ற கூடுதல் வரி தனி.

எங்கள் கணக்கைப் பாருங்கள். வாங்கிய 2009-10க்குக் குறியீடு 148. விற்ற 2025-26க்கு 376. 28 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 148-ஆல் வகுத்தால் 71.1 லட்சம். விற்றது 60 லட்சம். குறியீட்டு வழியில் ஆதாயமே இல்லை, வரியும் இல்லை. குறியீடு இல்லாமல் போட்டால் 32 லட்சம் ஆதாயம், 4 லட்சம் வரி. ஒரே விற்பனையில் 4 லட்சம் வித்தியாசம்.

இதில் எனக்கு வலித்தது இன்னொன்று. 28 லட்சம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அரசின் குறியீட்டின்படியே அது 71 லட்சம் ஆகியிருக்க வேண்டும். மண் குறைந்த பிளாட் பணவீக்கத்தோடுகூட ஓட முடியாமல் பின்தங்கியிருக்கிறது.

மண் அதிகமுள்ள தனி வீட்டுக்குக் கணக்கு திரும்பிவிடும். 2003-04ல் (குறியீடு 109) 12 லட்சத்துக்கு வாங்கியதை 2025-26ல் 1.2 கோடிக்கு விற்றிருந்தால், குறியீட்டு விலை 41.4 லட்சம், ஆதாயம் 78.6 லட்சம், 20% வரி 15.7 லட்சம். குறியீடு இல்லாமல் 1.08 கோடிக்கு 12.5%, அதாவது 13.5 லட்சம். ஆக இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்காமல் ஆடிட்டர் சொல்லும் ஒரே எண்ணை ஏற்காதீர்கள்.

வரியைத் தவிர்க்கும் வழிகள் தெரிந்தவைதான். விற்பதற்கு முந்திய ஓராண்டிலோ விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்கலாம், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டலாம். தானே குடியிருந்த வீட்டுக்குத்தான் இந்தச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தைச் செலவிட முடியாவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கி அதில் போட்டுவைக்க வேண்டும். புது வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகை பறிபோகும். வீடு வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎப்சி போன்ற அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்ஆர்ஐ ஆகிவிட்டால் மேலே சொன்ன குறியீட்டு வழி கிடையாது. உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்குபவர் 1% மட்டும் பிடித்துக் கட்டுவார். என்ஆர்ஐ விற்றால், குறைந்த விகிதச் சான்று முன்கூட்டியே வாங்காவிட்டால் மொத்த விலையிலேயே 12.5%-க்கு மேல் பிடித்துவிடுவார்கள். திரும்பப் பெற கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியிருந்து, பின் வாடகைக்கு விட்ட நம்மவர்களுக்குக் கடிகாரமே வேறு. விற்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்திருந்தால்தான் 2,50,000 டாலர் (கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 5,00,000) ஆதாயத்துக்கு வரி இல்லை. வெளியேறி மூன்று ஆண்டு தாண்டினால் அது கைவிட்டுப் போகும். அங்கே எப்போது விற்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தேதிதான்.

காகிதங்கள், குறிப்பாக இரண்டு

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம், சொத்துவரி ரசீது எல்லாம் வேண்டும் என்பது தெரிந்ததே. எங்களை ஓடவைத்தவை வேறு இரண்டு.

ஒன்று கட்டுமான ஒப்பந்தம். அந்தக் காலத்தில் சென்னையில் புது பிளாட் வாங்கியவர்களுக்குப் பத்திரம் யுடிஎஸ்ஸுக்கு மட்டும்தான் போடுவார்கள். கட்டடத்துக்கு பில்டரோடு தனி ஒப்பந்தம். எங்கள் கிரயப் பத்திரத்தில் இருந்த தொகை 28 லட்சத்தில் சிறு பகுதிதான். மீதிக்கு ஆதாரம் அந்த ஒப்பந்தமும் பில்டர் தந்த ரசீதுகளும். அவை இல்லாமல் வாங்கிய விலை 28 லட்சம் என்று வரித்துறையிடம் எப்படிக் காட்டுவது? பரணில் பழைய பீரோவின் அடித்தட்டிலிருந்து என் மனைவி எடுத்தார். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் இன்றே தேடி வையுங்கள்.

இரண்டாவது எம்ஓடி. வீட்டுக் கடனுக்காக மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிந்திருப்பார்கள். கடன் முடிந்ததும் வங்கி பத்திரத்தைத் தந்துவிடும். பதிவு அலுவலகத்தில் அதை ரத்துச் செய்யும் ரசீதைப் பதிய வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. அதைப் பதியாவிட்டால் வில்லங்கத்தில் கடன் உயிரோடு நிற்கும். வாங்குபவரின் வங்கி வக்கீல் முதல் பக்கத்திலேயே கேள்வி எழுப்புவார்.

நாள் பார்ப்பது

குடித்தனக்காரர் இருக்கும்போது விற்றால் வாடகை ஒப்பந்தம் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். பார்க்க வருபவர்களுக்கு நேரம் கேட்டு நிற்க வேண்டும், அவருக்கும் தொந்தரவு. விற்க முடிவு செய்துவிட்டால் அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சில நேரம் அவரே வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால், ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட காலம்தான் சிறந்தது. வீடு காலியாக, பெயின்ட் வாசனையோடு இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலியானால் நல்லது. பள்ளி திறக்கும் முன் குடியேற நினைப்பவர்கள் வருவார்கள்.

ஆடியில் பேச்சு நடக்கும், அட்வான்ஸ் கை மாறாது. ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. அன்று பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள். மார்கழியும் அப்படித்தான். எங்களுக்கு ஜூனில் விலை படிந்தது, ஆவணி பிறந்து அட்வான்ஸ் வந்தது, செப்டம்பர் பாதியில் பத்திரம். நாலரை மாதம் வீடு காலி. வாடகையும் பராமரிப்பும் சேர்த்து 90,000-க்கு மேல் போனது. இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். "இத்தனை மாதத்துக்குள் விற்கவில்லை என்றால் 11 மாதத்துக்கு மறுபடி வாடகை" என்று ஒரு கெடுவையும் எழுதிவையுங்கள். கெடு இல்லாதவர்தான் ஆறாவது மாதம் பதறிப்போய் 5 லட்சம் குறைப்பார்.

ஒருவர் 15 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்துப் போடலாம் என்றார். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% வாங்குபவர் தலையில் என்பதால் இந்தப் பேச்சு வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடு விற்று 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதுவும் விற்பவருக்கு. பத்திரத்தில் காட்டிய விலையை விட அரசின் வழிகாட்டி மதிப்பு 10%-க்கு மேல் கூடுதலாக இருந்தால், வரிக் கணக்குக்கு வழிகாட்டி மதிப்பையே எடுத்துக்கொள்வார்கள்.

எப்போது விற்க வேண்டாம்

பணம் வந்ததும் எங்கே போகப்போகிறது என்று தெரியாவிட்டால் விற்காதீர்கள். வங்கியில் சும்மா கிடந்தால் கல்யாணம், கார், கைமாற்று என்று இரண்டு வருடத்தில் கரையும். வீடாக இருந்தால் கரையாது. பெற்றோர் அந்தப் பக்கம் இருந்தாலும், மூன்று நாலு வருடத்தில் நீங்களே திரும்பி வரக்கூடும் என்றாலும் வைத்திருங்கள். ஒரு முறை விட்ட இடத்தில் மறுபடி வாங்க 9% பதிவுச் செலவே தடுக்கும். எங்கள் மகளிடம் கேட்டோம். "நான் எந்த ஊர்ல வேலைக்குப் போவேன்னு எனக்கே தெரியாதுப்பா, எனக்காக வச்சிருக்காதீங்க" என்றாள். அதன் பிறகுதான் நோட்டை மூடினேன்.

பத்திரம் முடிந்த அன்று அசோசியேஷனில் பாக்கி இல்லை என்ற கடிதமும், மின் இணைப்பைப் பெயர் மாற்றச் சம்மதக் கடிதமும் வாங்குபவரிடம் கொடுத்தோம். வந்த பணத்தில் 34 லட்சம் கோவைக் கடனுக்குப் போனது. வாங்கியவர் பிடித்துக் கட்டிய 60,000 வரி, வரித்துறையின் 26ஏஎஸ் பதிவில் வந்துவிட்டதா என்று மறக்காமல் பார்த்தோம். வரி இல்லை என்றாலும் விற்பனையைக் கணக்கில் காட்டித்தான் ஆக வேண்டும். கட்டுமான ஒப்பந்தமும் ரசீதுகளும் நகலெடுத்து அந்தக் கோப்பிலேயே இருக்கின்றன.